மலைத் தோட்டத்து ஒலிபெருக்கி

தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன கணக்கேடுகளே. எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை ஆட்கள், எந்த ஆண்டில் எந்தத் துரை என்பனவெல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் அக்காலத்துத் தோட்டத்தில் மக்களின் காதுக்கு என்ன எட்டியது என்பது எந்த ஏட்டிலும் இராது. எவருடைய குரல் உரத்துக் கேட்டது, எவருடைய குரல் கேளாது போயிற்று என்பதும் வரலாறுதான் அன்றோ? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அவ்வரலாற்றைச் சொல்லவல்ல ஒரு பொருள் உண்டு. கோயிலின் பின்னறையில், குத்துவிளக்குகளுக்கும் பந்தல் கயிறுகளுக்கும் நடுவே, பழஞ்சீலை போர்த்தி வைக்கப்பட்டிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியே அது.

கேமரன் மலை என்று நாம் வழங்கும் மேட்டு நிலம் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது. 1885 ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அதனைக் கண்டு எழுதினார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925 இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பின்னரே மலைவாழ் நகரம் ஒன்றை அங்கு அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை 1931 இல் முடிவுற்றது. இதற்கிடையே, 1929 இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933 இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு ஊர்களை வேராகக் கொண்ட நம் மக்கள்.

அம்மக்களின் நாள், மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடிந்தது. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்து மணி அடிக்கும். அதன்பின் கிராணியின் குரல் பெயர் கூப்பிடும். தண்டலின் குரல் நிரை பிரித்துக் கொடுக்கும். தொழிலாளி தன் குரலை உயர்த்திய இடங்கள் இரண்டே. ஒன்று கோயில் திருவிழா. மற்றொன்று சாவு வீடு. இரண்டிலும் பறையும் தொண்டையுமே கருவிகள். மலைச் சரிவில் பனி இறங்கிய இரவில் ஒரு மனிதக் குரல் எத்தனை தொலைவு செல்லும்? மேல் லயத்தில் பாடும் பாட்டுக் கீழ் லயத்துக்கு வந்து சேராது.

பின்னர் வந்த பெருங்குரல்களும் பிறருடையவையே. 1946 இல் மலாயா வானொலி தோன்றித் தமிழிலும் ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், ஊர்ப் பொதுவில் வைத்துக் கேட்கும் வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் வழங்கியது. படம் காட்டும் தகவல் பகுதி வண்டிகள் ஒலிக்குழாய்களைச் சுமந்து கொண்டு ஊர் ஊராகச் சென்றன. காட்டுக்குள் இருந்தவர்களைச் சரணடையச் சொல்லி வானூர்திகள் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தபடி வட்டமிட்டன. வானத்திலிருந்து ஒரு குரல் இறங்கி வந்ததை நினைவுகூரும் முதியோர் சிலரை நான் இளமையில் கண்டிருக்கிறேன். அக்குரல் தங்களுக்குச் சொல்லப்பட்டதன்று என்று தெரிந்தும் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்களாம். எப்படியாயினும், அன்றைய தோட்டத் தமிழர் கேட்கும் இனத்தவராகவே இருந்தனர்.

இந்நிலை மாறியதற்கு இரண்டு இயக்கங்களைக் காரணமாகச் சொல்லலாம். 1954 இல் தோட்டத் தொழிலாளர்க்கென நாடளாவிய ஒரே சங்கம் உருவாயிற்று. சங்கக் கூட்டம் என்றால் பேச்சு, பேச்சு என்றால் மேடை. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1952 இல், தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்திருந்தார். பேச்சுப் போட்டி, பாட்டு, நாடகம் என்று அது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியபோது, பள்ளிச் சிறுவனும் ஊர்ப் பெரியவரும் ஒரே ஒலிவாங்கியின் முன் நிற்க நேர்ந்தது. கோயில் திருவிழாக்களும் இக்காலத்தில் பெரிதாயின. முதலில் ஈப்போவிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் கருவிகளை வாடகைக்கு வரவழைத்தார்கள். வாடகையோடு லாரிக் கூலியும் சேர்ந்தபோது, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமே என்ற எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் 1960 களின் தொடக்கத்தில், வீட்டுக்கு மாதம் ஒரு வெள்ளி என்று தண்டி, கோயில் பெயரில் 30 வாட் வால்வு ஒலிபெருக்கியும் இரண்டு ஒலிக்குழாய்களும் வாங்கினார்கள். தோட்ட மக்கள் தாமே பணம் போட்டு வாங்கிய முதற் குரல் அதுவே.

அப்பெட்டிக்குள் நிகழ்வது யாது என்பதை இளையோர் பொருட்டுச் சற்று விளக்குவது தகும். 1906 இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட், வெற்றிடக் குழலுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். வயலுக்குப் பாயும் வாய்க்காலில் மடைப்பலகையை நினைத்துக் கொள்க. பலகையை ஏற்றவும் இறக்கவும் சிறுவனின் கை போதும். ஆனால் அந்த அசைவுக்கேற்பக் கூடிக் குறைந்து பாய்வது பெருநீர். வால்வுக்குள் வலையே பலகை. பாடகரின் குரலால் பிறந்த மெல்லிய மின் அசைவே சிறுவனின் கை. 1919 செப்டம்பர் 19 ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஏறத்தாழ 50,000 பேருக்கு வால்வு ஒலிபெருக்கி வாயிலாகப் பேசினார். மனிதன் கத்தாமலே ஒரு பெருங்கூட்டத்தோடு பேசலாம் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது. அந்த அற்புதம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

வந்த பெட்டி பழுதடையத் தொடங்கியபோதுதான் இக்கட்டுரையின் பொருளே தொடங்குகிறது.

மலையின் தட்பவெப்பம் மனிதருக்கு இதம், மின்கருவிக்குப் பகை. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் அவ்விடத்தில் ஈரம் எங்கும் ஊறும். புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும், தோற்செருப்பு வெளுக்கும். ஆண்டில் பத்து நாள் பாடி, மற்ற நாட்களெல்லாம் கோயில் அறையில் உறங்கும் ஒலிபெருக்கிக்குள் இந்த ஈரம் புகுந்து, காகிதம் சுற்றிய மின்தேக்கிகளின் காப்பை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். பழுது பார்க்க வேண்டுமானால் பெட்டியை இறக்கிக் கொண்டு தாப்பாவுக்குப் பேருந்தில் போக வேண்டும், அங்கிருந்து ஈப்போவுக்கு. சிம்பாங் பூலாய் வழியாக வந்த சாலை அக்காலத்தில் இல்லை. கடைக்காரர் இரண்டு வாரம் தவணை சொல்வார். திருவிழாவோ மூன்று நாளில். ஆகவே தோட்டத்திலேயே ஒருவர் அதனைக் கற்றுக்கொண்டாக வேண்டிய நிலை ஏற்பட்டது. பல தோட்டங்களில் அவ்வொருவர் தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டராக இருந்தார். உருட்டும் பொறிகளையும் உலர்த்தும் அடுப்புகளையும் ஓட்டும் மோட்டார்களோடு பழகியவர்க்கு மின்சாரம் அச்சமூட்டவில்லை.

எங்கள் தோட்டத்தில் அவர் என் தாய்மாமன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அட்டை கிழிந்த சென்னைப் பதிப்பு வானொலி நூல் ஒன்று, முள் அசையும் மின்மானி ஒன்று, செப்பு முனைக் கோல் ஒன்று ஆகியவையே அவருடைய பட்டறை. லயத்தில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டே பணிமனை. காரணம் எளியது: ஈயம் உருக்கும் கோலைச் சூடேற்ற அடுப்புத் தணல் அங்கேதான் இருந்தது. தோட்டத்து மின்பொறி மாலை 6 மணிக்கு ஓடத் தொடங்கி இரவு 10 மணிக்கு நிற்கும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் பழுதைத் தேடியாக வேண்டும். 1963 இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழும்பி, மலையின் நீரெல்லாம் சுரங்க வழியே இறங்கி ஜோர் மின்நிலையத்தைச் சுழற்றிக் கொண்டிருந்த காலம் அது. அந்த மின்சாரம் எங்கள் லயத்தைத் தாண்டிப் போயிற்றே தவிர, உள்ளே வர நெடுநாள் ஆயிற்று.

1972 ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு பெட்டியைச் சோதித்தபோது, குரல் உடைந்து வந்தது. அடியில் ஓர் உறுமல். சிறிது நேரத்தில் வெளியீட்டு வால்வுகள் இரண்டில் ஒன்றின் தகடு, கொல்லன் உலையிலிட்ட இரும்புபோல் சிவந்தது. கோயில் தலைவர் முகம் வெளிறிப் போனார். பதினொரு வயதுச் சிறுவனாகிய நான் விளக்குப் பிடிக்க அமர்த்தப்பட்டேன். அன்று மாமா சொன்ன முதற்பாடம் இன்றும் காதில் உள்ளது: "மொதல்ல பாரு மாப்புள, அப்புறம் மோந்து பாரு, கடைசியாத்தான் தொடணும்."

பார்ப்பது என்றால் கருகிய தடை, பிதுங்கிய மின்தேக்கி, பச்சை பூத்த இணைப்பு ஆகியவற்றைத் தேடுவது. மோப்பம் என்றால் சூடேறிய மெழுகும் வார்னிசும் தரும் வாடையை அறிவது. தொடுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவ்வகைப் பெட்டிக்குள் 400 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் உலவும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய மின்தேக்கிகள் அதனைத் தம் வயிற்றில் அடக்கி வைத்திருக்கும். அதனைத் தடை ஒன்றின் வழியே வடித்து, மானி கொண்டு வடிந்ததை உறுதி செய்த பின்னரே விரல் வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் மாமா இடக்கையை முதுகின் பின்னே கட்டிக்கொள்வார். இரு கையும் உள்ளே இருந்தால் மின்னோட்டம் நெஞ்சைக் கடந்து போகும் என்பது அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததன்று. ஒருமுறை சுவரில் தூக்கி எறியப்பட்டுக் கற்றது.

தகடு சிவப்பது நோயன்று, நோயின் குறி. மடைப்பலகை கீழே இறங்கி நிற்க வேண்டிய அளவில் நில்லாமல் மேலேறிவிட்டது, ஆகவே வெள்ளம். பலகையை இறக்கிப் பிடித்திருப்பது வலைக்குத் தரப்படும் எதிர் மின்னழுத்தம். அதனை ஆசிரியர்கள் சார்பு மின்னழுத்தம் என்று எழுதுவார்கள். மாமா அதற்குப் "பிடி" என்று பெயரிட்டிருந்தார். "இவனுக்குப் பிடி தளர்ந்து போச்சு" என்றார். ஏன் தளர்ந்தது என்று அறிய, வெளியீட்டு வால்வுகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்குழியில் வலைக்குரிய முனைகளை அளந்தார். ஒன்றில் எதிர் 30 வோல்ட்டுக்கு மேல் காட்டிய முள், மற்றொன்றில் அதில் பாதியளவே காட்டியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அளக்கும் மானி தானும் சிறிது மின்னோட்டத்தைக் குடிக்கும். ஆகவே அது காட்டும் எண் மெய்யான அளவினும் குறைந்தே இருக்கும். எண்ணை நம்பக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பலாம். நூல் படித்த சிலர் இதில் தடுமாறுவதைப் பின்னாளில் கண்டிருக்கிறேன்.

முன்னைய வால்வின் தகட்டிலுள்ள உயர்ந்த மின்னழுத்தத்தைத் தடுத்து, குரலின் அசைவை மட்டும் அடுத்த வலைக்கு அனுப்புவது இணைப்பு மின்தேக்கியின் பணி. ஈரம் ஏறிய காகித மின்தேக்கி அந்தத் தடுப்பை இழந்து கசியும். கசிந்த நேர் மின்னழுத்தம் எதிர் மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். மாமா ஐயுற்ற மின்தேக்கியின் ஒரு காலை மட்டும் ஈயம் உருக்கி விடுவித்தார். மீண்டும் அளந்தபோது இரு வலைகளும் ஒரே அளவைக் காட்டின. குற்றவாளி பிடிபட்டான். சுண்டுவிரல் நீளமுள்ள அந்தக் காகிதச் சுருளின் விலை சில காசுகளே. அதன் பொருட்டு ஒரு தோட்டமே வாயடைத்துப் போயிருந்தது. பழைய வானொலி ஒன்றின் எலும்புக்கூட்டிலிருந்து எடுத்து டின்னில் சேமித்திருந்தவற்றில், அதே அளவும் போதிய தாங்குதிறனும் உள்ளவை நான்கைத் தேர்ந்து, கசிவு இல்லையென ஒவ்வொன்றாகச் சோதித்து இரண்டைப் பொருத்தினார். கெட்டது ஒன்றே எனினும் மாற்றியது இரண்டு. ஒரே நாளில் பிறந்து ஒரே ஈரத்தில் நனைந்த இரட்டையரில் ஒருவன் படுத்தால் மற்றவன் நெடுநாள் நடமாட மாட்டான் என்பது அவர் கணிப்பு.

மாற்றிவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்தேன். மாமாவோ அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழுது நீக்குவது பாதிப் பணி. மீதிப் பாதி சீர் செய்வது. வீட்டில் செய்யும் பழுதுபார்ப்பில் பலர் கைவிடுவதும் இதனையே. பெட்டியில் இருந்தவை இ.எல். 34 என்னும் வால்வுகள். அவ்வால்வின் தகடு தாங்கக்கூடிய வெப்பம் 25 வாட். 400 வோல்ட்டில் 35 மில்லி ஆம்பியர் ஓடினால் அது 14 வாட். வால்வு நெடுநாள் வாழும். 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 40 வாட். தகடு சிவந்து சில மணியில் மடியும். மின்னோட்டத்தை எப்படி அளப்பது? ஒவ்வொரு வால்வின் அடியிலும் 10 ஓம் தடை ஒன்று உண்டு. அதன் இரு முனைகளுக்கிடையே 0.35 வோல்ட்டு இருந்தால் 35 மில்லி ஆம்பியர் என்று பொருள். ஆறாம் வகுப்புக் கணக்குப் போதுமானதே. பின்புறத்தில் இருந்த இரு சிறு திருகுகளை மாமா மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சற்று நகரும்; ஆகவே இங்கும் அங்குமாக மூன்று நான்கு முறை. வால்வுகள் நன்கு சூடேற அரை மணி நேரம் காத்திருந்து மறுபடியும் ஒரு முறை.

இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரே ஏரில் பூட்டிய இரு காளைகளில் ஒன்று முந்தினால் சால் கோணும். இங்கும் அவ்வாறே. இரு வால்வுகளும் வெளியீட்டு மின்மாற்றியை எதிர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. இழுப்பு ஒத்திருக்கும் வரை மின்வழங்கியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று மிகுந்தால் உறுமல் மேலெழும். மின்மாற்றியின் இரும்பும் ஒரு பக்கமாகக் காந்தமேறித் தாழ்ந்த ஒலிகளை நசுக்கும். அன்றிரவு இரு எண்களும் ஒத்து வர வர உறுமல் தேய்ந்து அடங்கியதை நான் காதாலேயே அறிந்தேன்.

அதன் பின்னும் அவர் உறங்கப் போகவில்லை. மாலை ஏழு மணிக்கு லயமெங்கும் விளக்கெரியும்போது தோட்டத்து மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும். ஒன்பதரை மணிக்கு வீடுகள் ஒவ்வொன்றாக இருளும்போது ஏறும். ஏழு மணிக்குச் சீர் செய்த பெட்டி ஒன்பதரைக்கு மிகுதியாகச் சூடேறலாம். ஆகவே விளக்குகள் அணையும் வரை காத்திருந்து, ஏறிய மின்னழுத்தத்தில் மீண்டும் அளந்து, அதற்கு ஏற்பத் திருகைச் சற்றுத் தளர்த்தினார். எந்த நூலும் இதனைச் சொல்லவில்லை. மின்சாரம் நிலையாக வரும் ஊரில் எழுதப்பட்ட நூல் அதை எப்படிச் சொல்லும்? திருவிழாவன்று அப்பெட்டி விடியுமட்டும் பாடியது. அன்றைக்கு மட்டும் மின்பொறியை நிறுத்த வேண்டாமென்று துரையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள்.

இன்னொரு முறை நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1975 என்று நினைவு. ஒலிக்குழாய்க் கம்பியை யாரோ பிடுங்கிவிட, அது தெரியாமல் முழு ஒலியில் பெட்டியை ஓட்டினார்கள். வால்வு ஒலிபெருக்கி சுமையின்றி ஓடக் கூடாது; மின்மாற்றிக்குள் மின்னழுத்தம் எகிறி உள்ளே பொறி பறக்கும். அவ்வாறே வெளியீட்டு மின்மாற்றி வெந்து போயிற்று. ஈப்போவில் பழையது ஒன்று தேடி வாங்கி வந்து மாமா பொருத்தினார். இயக்கியதும் ஒலிவாங்கி இல்லாமலே பெட்டி ஊளையிட்டது. வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. மாமா சிரித்தபடி இரு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தார், ஊளை நின்றது. அன்று அது எனக்கு மந்திரமாகத் தோன்றியது. காரணத்தைப் பல ஆண்டு கழித்தே அறிந்தேன். வெளியே வரும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பியனுப்பினால் ஒலிபெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதை 1927 இல் ஹெரால்ட் பிளாக் என்பார் கண்டார். படகில் வேலைக்குச் செல்லும் வழியில் கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே அதனை எழுதிக்கொண்டாராம். புதிய மின்மாற்றியின் கம்பிகள் முறை மாறியிருந்ததால், திருத்தும் ஒலி தூண்டும் ஒலியாகிவிட்டது. "கண்டிக்கிறவன் கைதட்ட ஆரம்பிச்சா பய அடங்குவானா?" என்று மாமா சொன்னதற்கு மேல் தெளிவான விளக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

ஒலிவாங்கியின் முன் குழாயைத் திருப்பி வைத்தால் எழும் கூச்சலும் இதன் உறவுதான். அதற்கு ஈயம் தேவையில்லை. குழாயைப் பேசுவோருக்கு முன்னால் தள்ளிவைத்தால் போதும். இதனை மேடை அமைப்போர்க்கு எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுவார்கள்.

1970 களின் இறுதியில் டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கிகள் மலைக்கு வந்தன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த அச்சிறு பொருள், முப்பது ஆண்டுக்குள் 12 வோல்ட்டுக் கார் மின்கலத்தில் ஓடும் பெட்டியாகிவிட்டது. தோட்டத்து மின்பொறியின் தயவு இனி வேண்டாம். கோயிலிலிருந்து ஊர்வலத்தோடு வண்டியிலும் ஏற்றிச் செல்லலாம். ஆயினும் பழுதுபார்ப்போர்க்கு அது கடுமையான ஆசான். வால்வு சிவந்து காட்டி எச்சரிக்கும். 2 என் 3055 என்னும் டிரான்சிஸ்டரோ ஒரு நொடியில் ஓசையின்றி உயிர்விடும். சூடேறினால் மின்னோட்டம் பெருகும், பெருகினால் மேலும் சூடேறும் என்று தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் இயல்புடையது அது. ஆகவே மாமா புதிய வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டார். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டியைப் பழுது நீக்கியபின் நேரே மின்சாரத்தில் மாட்டாமல், இடையில் 60 வாட் விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தார். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் விளக்குப் பளீரென எரியும், பெட்டி தப்பும். ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். ஆண்டு முழுதும் உறங்கிய பழைய வால்வுப் பெட்டியையும் அவ்வாறே மெல்ல எழுப்பினார். ஈரத்தில் சோர்ந்த மின்தேக்கிகளை ஒரேயடியாக அதிர வைக்கலாகாது என்பார். டிரான்சிஸ்டர் பெட்டியிலும் ஓய்வு மின்னோட்டம் சீர் செய்ய ஒரு திருகு உண்டு. குறைத்து வைத்தால் தாழ்ந்த குரல்கள் கரகரக்கும். கூட்டி வைத்தால் சூடு. நோய் வேறு, கருவி வேறு, கேள்வி மட்டும் பழைய கேள்விதான்: பிடி எவ்வளவு?

தமிழாசிரியனாக முப்பது ஆண்டு பணியாற்றிய எனக்கு இவ்விடத்தில் ஒரு மனக்குறை உண்டு. அறிவியல் தமிழ் என்ற பெயரில் நாம் சொற்களை ஆக்கியபோது, அகராதிகளைப் பார்த்தோம், ஆங்கிலத்தைப் பார்த்தோம். லயத்துச் சமையற்கட்டுகளை எட்டிப் பார்க்கவில்லை. உறுமல், கரகரப்பு, ஊளை, உடைசல் என்று நான்கு வகைப் பழுதுக்கு நான்கு சொற்களை மாமா வேறுபடுத்தி வழங்கினார். உறுமல் என்றால் மின்வழங்கியில் தேடு. கரகரப்பு என்றால் ஒலி கூட்டும் திருகிலும் தளர்ந்த இணைப்பிலும் தேடு. ஊளை என்றால் கம்பியின் முறையையும் குழாயின் இடத்தையும் பார். உடைசல் என்றால் பிடியை அள. சொல்லே நோய்க்கும் இடத்துக்கும் வழிகாட்டியது. "பிடி" என்ற சொல்லுக்கு முன்னால் "சார்பு மின்னழுத்தம்" எத்தனை நீளம், எத்தனை உயிரற்றது! நான் வகுப்பில் பாடநூலின் சொல்லையே கற்பித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வுத்தாள் திருத்துபவர் "பிடி"க்கு மதிப்பெண் கொடுத்திருப்பாரா என்ன?

லயங்கள் இன்று பழைய லயங்களல்ல. கொழுந்தைக் கையால் கிள்ளிய நிலை மாறிக் கத்தரிகளும் பொறிகளும் வந்தன. வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகினர். நம் குடும்பங்கள் பல தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. கோயில்களில் புதிய கருவிகள் வந்துள்ளன. பழுதுற்றால் உள்ளே இருக்கும் பலகையையே மாற்றிவிடுகிறார்கள்; ஈயம் உருகும் மணத்தை அறியாத இளைஞர் அதனை ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கின்றனர். அதில் தவறொன்றுமில்லை.

பழைய வால்வுப் பெட்டி இப்பொழுது என் வீட்டில் இருக்கிறது. மாமா மறைந்த பின் கோயில் நிருவாகத்தார் தந்தது. அதனை நான் மின்சாரத்தில் மாட்டவில்லை. மின்தேக்கிகள் உலர்ந்து போயிருக்கும். மூடியைத் திறந்தால் உட்புறத் தகட்டில் அவர் பென்சிலால் எழுதிய கணக்கு வரிசையாக உள்ளது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு வரி: ஆண்டு, இடது வால்வின் அளவு, வலது வால்வின் அளவு, அளந்த நேரம். 1972 ஆம் ஆண்டு வரிக்கு எதிரே மட்டும் "கன்டென்சர் 2 மாத்தினது, ஈரம்" என்று சிறு குறிப்பு. கடைசி வரி 1983. இடது 0.34, வலது 0.35, இரவு மணி 9.40.